சூடோ

போர்வெனிர் என்றால் எங்கள் மொழியில் வருங்காலம்.
அந்த ஊருக்குப் படகுச்சீட்டு விற்கிறேன்.
மகெல்லன் நீரிணையில் காற்று ஒரு அளவைத் தாண்டினால்
ஜன்னலில் அட்டை மாட்டுவேன்:
இன்று படகு இல்லை.
"வருங்காலத்துக்கு" என்பதை
மனதுக்குள் மட்டும் சேர்த்துக்கொள்வேன்.

அப்படி ரத்தான நாட்களில் படித்ததுதான் இது.
லினக்ஸ், ஆரம்பநிலை, இலவசம், பன்னிரண்டு பாடம்.
பாடம் கைபேசியில்,
பயிற்சி எவரிஸ்தோ விட்டுப்போன மடிக்கணினியில்.
வடக்கே சுரங்க வேலைக்குப் போனபோது
நல்ல கத்தியை எடுத்துக்கொண்டான், பெரிய சட்டியையும்.
கணினியை வைத்துவிட்டு
கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டான்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போட
நாற்பதாயிரம் பெசோ கேட்டான் கடைக்காரன்.
அழிப்பதற்கா நாற்பதாயிரம்?

வீடியோவில் ஆசிரியருக்கு முகம் கிடையாது.
ரொசாரியோ பக்கத்து உச்சரிப்பு.
மூன்றாம் பாடம், பதினான்காவது நிமிடம் இருமுவார்,
பின்னால் ஒரு நாய் குரைக்கும்.
திரும்பத் திரும்பப் பார்த்ததில்
அவர் இருமுவதற்கு முன்பே
நான் தொண்டையைச் செருமப் பழகிவிட்டேன்.

கறுப்புத் திரை. ஓரத்தில் சிமிட்டும் ஒரு கோடு.
கட்டளைக்குப் பதில் எதுவும் வரவில்லையா,
வேலை முடிந்தது என்று அர்த்தம், என்கிறார்.
அது வாய் திறந்தால்தான் தவறு.
பத்தொன்பது வருஷம் ஒரு சமையலறையில்
இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

ஆறாம் பாடம், சூடோ.
மேலதிகாரியாக நின்று செய் என்பதுபோல
ஏதோ ஆங்கில விளக்கம் சொன்னார்.
எங்கள் மொழியில் சூடோ என்றால் வியர்க்கிறேன்.
ஜூலை மாதம்.
இரண்டு ஜாக்கெட், முழங்காலோடு ஒட்டிய ஹீட்டர்,
ஒரு விரல் நீளக் குச்சியிலிருந்து கணினியை எழுப்பி
விறைத்த விரலால் தட்டினேன்:
வியர்க்கிறேன், வன்தட்டைத் திற.

பதில் எதுவும் வரவில்லை.
திறந்துவிட்டது.

கடவுச்சொல் முன்வாசலுக்கு மட்டும்தானாம்.
குச்சியோடு வருகிறவளுக்குச் சுவரே இல்லை.

பட்டியல் கேட்டேன்.
ஒரு பெண்ணின் பெயரை எதிர்பார்த்தேன்.
உண்மையைச் சொன்னால், இரண்டு.
வந்தவை:
மின்கட்டண ரசீதுகள்.
சால்மன் பண்ணை வேலைக்கு விண்ணப்பம், நான்கு விதமாக.
விற்பனைக்கு வந்த ஒரு படகு என்ஜின்,
இருநூற்றுப் பதினோரு கோணங்களில்.
பிறகு, பின்கதவு என்று ஒரு அடைவு.
உள்ளே ஆறு வீடியோ.
காற்றில் அடித்துக்கொள்ளும் கதவைச் சரிசெய்வது எப்படி.

பின்கதவு இப்போதும் அடித்துக்கொள்கிறது.
ஒவ்வொரு குளிர்காலமும் அதற்காகக் கத்தினேன்.
அவன் பேசாமல் எழுந்து போய்
இதைத்தான் தேடி இறக்கியிருக்கிறான், ஆறு தடவை,
ஒரு தடவை கூடக் கதவைத் தொடாமல்.

சிரித்த சிரிப்பில்
கயிறு கட்டுகிற நாவெல் ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.
படகு விட்டாச்சா?
இல்லை.

எட்டாம் பாடம் கேட்டது:
வன்தட்டு முழுவதையும் அழிக்கவா?
அந்த அடைவை மட்டும்
வேறொரு குச்சிக்கு நகலெடுத்தேன்.
ஆம் என்பதன் மேல் விரல் நெடுநேரம் இருந்தது.
ஹீட்டர் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை,
ஆனாலும் அக்குள் ஈரமாகிவிட்டது.
சொல் பொய்யில்லை.

பிறகு என் பெயர் கேட்டது: ஜெனோவேவா.
கடவுச்சொல் கேட்டது.
கறுப்புத் திரையில் அதை முதன்முதலாக அடித்தபோது
எழுத்தும் இல்லை, புள்ளியும் இல்லை,
விசைப்பலகை செத்துவிட்டது என்றே நினைத்தேன்.
தெரியாமலே பதிவாகுமாம்.
கண்ணால் பார்க்காமல் கடைசிவரை அடிக்க வேண்டும்.
அடித்தேன்.

சனிக்கிழமை காற்று இறங்கியது.
காலைப் படகில் அறுபத்திரண்டு பேர்,
ஒரு குதிரை வண்டி டிரெய்லர், மூன்று லாரி.
சாயங்காலம் பின்கதவுக்கு எதிரே
கணினியை ஸ்டூலில் வைத்து இரண்டாவது வீடியோவை ஓட்டினேன்.
மேல்கீல் தொங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.
நான்கு திருகாணி, பத்து நிமிட வேலை.

ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.
அதையும் கொண்டுபோயிருக்கிறான்.